குறைந்த பட்ஜெட்டில் சிம் ரேசிங் பெடல்: பிரேக்குக்கு மட்டும் செலவு செய்தால் போதுமா?

மூன்றாம்கியர் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஒரு வருடமாக அசெட்டோ கோர்சா கம்பெடிசியோனே (ஏசிசி) என்கிற கார் பந்தய விளையாட்டில் ஜிடி3 வகைப் பந்தயக் கார்கள் ஓட்டுகிறேன். என்னிடம் இருப்பது விளையாட்டுக்கான பழைய ஸ்டீயரிங் வீல் ஒன்று, அதோடு ஒரே பெட்டியில் வந்த இரண்டு பிளாஸ்டிக் பெடல்கள். வீல் மேசையில், பெடல் தரையில் கம்பளத்தின் மேல், நான் உட்காருவது உருளும் ஆபீஸ் நாற்காலியில்.

சிக்கல் பிரேக்கில்தான். மோன்சா தடத்தில் முதல் சிகேனுக்கு (வேகத்தைக் குறைக்க வைக்கும் அடுத்தடுத்த இறுக்கமான வளைவுகள்) முழு வேகத்தில் வரும்போது பிரேக் பிடிக்க வேண்டிய இடத்தை ஓரத்துப் பலகையை வைத்துக் குறித்து வைத்திருக்கிறேன், ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில்தான் மிதிக்கிறேன், ஆனாலும் ஒரு சுற்றில் வளைவுக்கு முன்னாலேயே வேகம் செத்துவிடுகிறது, அடுத்த சுற்றில் நேராக ஓடி வெளியே போய்விடுகிறேன். நல்ல சுற்று அமைந்தால் கூட ஓட்டுபவர்களுக்குச் சமமான நேரம் வருகிறது. அதையே இருபது நிமிடம் தொடர்ந்து செய்ய முடியவில்லை. போதாததற்கு ஒரு மாதமாக, காலை எடுத்த பிறகும் திரையில் பிரேக் பட்டை முழுதாக இறங்காமல் துடித்துக்கொண்டே இருக்கிறது.

பட்ஜெட்: வீலுக்குக் கொடுத்ததில் பாதி. அதற்கு மேல் இப்போதைக்கு முடியாது. மூன்று வழிகள் தெரிகின்றன. யாரோ பயன்படுத்திய மூன்று பெடல் செட் ஒன்று (பெடல் போகும் தூரத்தை உரசி அளக்கும் பொட்டென்ஷியோமீட்டர்), புதிதாக ஹால் சென்சார் (அதே தூரத்தைக் காந்தத்தால் அளப்பது) வைத்த இரண்டு பெடல் செட், இல்லையென்றால் இன்னும் ஆறு மாதம் சேர்த்து வைத்து லோட் செல் (கால் கொடுக்கும் அழுத்தத்தை அளக்கும் சென்சார்). எது சரி?


இரவுச்சுற்று எழுதியது:

லோட் செல்லுக்குக் காத்திருங்கள் சகோ. இடையில் எதை வாங்கினாலும் ஒரு வருடத்தில் மாற்றப்போகிறீர்கள், இரண்டு முறை செலவு.


வளைவுமுனை எழுதியது:

எதையும் வாங்குவதற்கு முன் நீங்கள் எழுதியதில் என் கண்ணில் பட்டது அந்த உருளும் நாற்காலியும் கம்பளமும்தான். இதைச் சொன்னால் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உங்கள் பெடலில் இருக்கும் சென்சார் அளப்பது தூரத்தை. பெடல் எவ்வளவு கீழே போனது என்று மட்டும்தான் அதற்குத் தெரியும். நீங்கள் மிதிக்கும்போது பெடல் அடி ஒரு விரலளவு முன்னால் வழுக்குகிறது, நாற்காலி இரண்டு விரலளவு பின்னால் போகிறது, இடுப்பு கொஞ்சம் எழும்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கால் கொடுத்த அழுத்தத்தில் ஒரு பகுதி இதற்கே போய்விடும், அதுவும் ஒவ்வொரு முறையும் வேறு வேறு அளவில். உங்கள் காலுக்கு "போன சுற்றில் மிதித்த மாதிரியே மிதித்தேன்" என்றுதான் தோன்றும், திரையில் ஒரு தடவை 70, இன்னொரு தடவை 85 சதவீதம் காட்டும். இந்தத் தரையில் லோட் செல் வைத்தால் நிலைமை இன்னும் மோசமாகும், ஏனென்றால் லோட் செல் பிரேக்கை முப்பது நாற்பது கிலோ அழுத்தத்தில் மிதிக்க வேண்டி வரும், அந்த அழுத்தத்துக்கு நீங்கள் நாற்காலியோடு அறையின் மறுபக்கம் போய்விடுவீர்கள்.

அதனால் முதல் வேலை இது. நாற்காலிச் சக்கரங்களைக் கழற்ற முடிந்தால் கழற்றுங்கள், முடியாவிட்டால் ஒவ்வொரு சக்கரத்தையும் ஒரு பழைய ஷூவுக்குள் இறக்கி வையுங்கள், அசையாது. பெடலை ஒரு கனமான பிளைவுட் பலகையில் திருகி, பலகையின் மறுமுனையைச் சுவரில் முட்டக் கொடுங்கள். இன்னும் நல்லது, அதே பலகையை நாற்காலியின் கீழ் வரை நீட்டி, நாற்காலிக் காலோடு பட்டையால் கட்டிவிடுவது. அப்போது நீங்கள் தள்ளும் தள்ளு நாற்காலிக்கும் பெடலுக்கும் நடுவிலேயே முடிந்துவிடும், தரைக்குப் போகாது. ரிக் என்று விற்கப்படும் எல்லாமே அடிப்படையில் இந்த ஒரு காரியத்தைத்தான் செய்கிறது.

இதைச் செய்துவிட்டு ஒரு வாரம் ஓட்டுங்கள். பிறகு பெடல் பற்றிப் பேசுவோம்.


சால்டர்கை எழுதியது:

வளைவுமுனை சொன்னதற்கு மேல் ஒன்று. காலை எடுத்த பிறகும் பட்டை துடிக்கிறது என்றால் அது பொட்டென்ஷியோமீட்டரில் தூசி, அல்லது தேய்மானம். உள்ளே கார்பன் தடம் ஒன்று இருக்கும், அதன் மேல் ஒரு சின்ன உலோக நாக்கு உரசிக்கொண்டே போகும். தூசி உள்ளே நுழைந்தால் தொடர்பு விட்டு விட்டு வரும், எண் தாவும். எலெக்ட்ரானிக்ஸ் கடையில் கான்டாக்ட் கிளீனர் என்று ஸ்ப்ரே கேட்டு வாங்குங்கள், பாட் (பொட்டென்ஷியோமீட்டரைத்தான் சுருக்கமாக அப்படிச் சொல்கிறோம்) கால்களுக்கு அருகில் இருக்கும் இடுக்கில் இரண்டு தடவை அடித்து, பெடலைக் கையால் முப்பது நாற்பது முறை முழுதாக ஏற்றி இறக்குங்கள், அப்புறம் நன்றாகக் காயவிட்டு இணையுங்கள். கதவுக் கீலுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்ப்ரே வேண்டாம், அது பிசுக்காகத் தங்கி இன்னும் தூசியைச் சேர்க்கும்.

தூசி என்றால் இதில் சரியாகிவிடும். கார்பனே தேய்ந்திருந்தால் சில வாரத்தில் மறுபடி ஆரம்பிக்கும். அப்போது பாட்டை மட்டும் மாற்றலாம், மூன்று ஒயர்தான். அதே மதிப்பு, அதே தண்டு நீளம், நேர்கோட்டு வகையா என்று மட்டும் பார்த்து வாங்க வேண்டும்.

அப்புறம், சால்டரிங் தெரியும் என்றால் உங்கள் பட்ஜெட்டுக்குள்ளேயே லோட் செல் செய்யலாம். ஆர்வம் இருந்தால் சொல்லுங்கள், எழுதுகிறேன்.


பிட்லேன் எழுதியது:

எல்லோரும் லோட் செல் லோட் செல் என்கிறார்கள், நான் ஒத்துக்கொள்ளவில்லை. நான் ஐந்து வருடம் ஓட்டுவது ஹால் சென்சார் பெடலில், உள்ளே கடினமான ஸ்பிரிங்கும் அதன் முடிவில் ஒரு ரப்பர் கட்டையும். ஸ்பிரிங் என்றால் அழுத்தத்துக்குத் தகுந்த தூரம் போகும். தூரத்தை அளந்தாலும் மறைமுகமாக அழுத்தத்தைத்தான் அளக்கிறோம். கால் உணர்வது பெடலின் எதிர்ப்பை, சென்சாரை இல்லை. மெத்தென்று தரை வரை போகும் பெடலில் லோட் செல் இருந்து என்ன பயன்? கல் மாதிரி நிற்கும் பெடலில் சாதாரண பாட் இருந்தாலும் நன்றாகப் பிரேக் பிடிக்கலாம்.

பணம் குறைவாக இருக்கும்போது கேட்க வேண்டியது பெடலின் விறைப்பை மாற்ற முடியுமா என்பதுதான். ஸ்பிரிங் மாற்ற இடம் இருக்கிறதா, ரப்பர் சேர்க்க இடம் இருக்கிறதா, அடிப்பகுதி இரும்பா பிளாஸ்டிக்கா. இது மூன்றும் சரியாக இருந்தால் ஹால் சென்சார் இரண்டு பெடல் செட் போதும். பாட் மாதிரி உரசும் பாகம் அதில் இல்லை, காந்தம் நகர்வதை வைத்துத்தான் அளக்கிறது, அதனால் தேயாது.


வளைவுமுனை எழுதியது:

பிட்லேன் சொல்வதில் பாதிக்கு மேல் சரி. ஒரு இடத்தில் மட்டும் வேறுபடுகிறேன். ரப்பர் ஸ்பிரிங் மாதிரி நடந்துகொள்வதில்லை. அழுத்தும்போது ஒரு வழியில் போகும், விடும்போது கொஞ்சம் தாமதித்துத் திரும்பும், சூடானால் மெத்தென்று ஆகும். தூரத்தை அளக்கும் சென்சாருக்கு இந்தத் தாமதம் எல்லாம் பிரேக்காகவே தெரியும். லோட் செல்லுக்கு ரப்பர் எங்கே இருக்கிறது என்பது பொருட்டில்லை, பாதம் எவ்வளவு அழுத்துகிறது என்பதை மட்டும் அது சொல்லும். மிதிக்கும்போது இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. விடும்போதுதான் தெரியும், அதாவது ட்ரெயில் பிரேக்கிங்கில், வளைவுக்குள் ஸ்டீயரிங்கைத் திருப்பத் திருப்ப பிரேக்கை மெல்ல மெல்ல விட்டுக்கொண்டே போகிறோமே, அங்கே.

மூன்றாம்கியர், உங்களுக்கு ஒரு வேலை. ஏசிசி டெலிமெட்ரியை (ஒவ்வொரு கணமும் பிரேக், வேகம் எவ்வளவு என்ற பதிவை) மோட்டெக் என்ற மென்பொருளில் திறக்கும் கோப்பாகச் சேமிக்கும். காரின் செட்டப் பக்கத்தில் எலெக்ட்ரானிக்ஸ் பகுதியில் எத்தனை சுற்று பதிய வேண்டும் என்று ஒரு எண் இருக்கும், அதை ஏற்றிவிட்டு மோன்சாவில் பத்துச் சுற்று ஓட்டி, பிரேக் கோட்டை ஒன்றன்மேல் ஒன்று போட்டுப் பாருங்கள். ஏறும் கோடு சுற்றுக்குச் சுற்று மாறுகிறதா, இறங்கும் கோடு மாறுகிறதா? ஏறுவது மாறினால் நாற்காலியும் பலகையும். இறங்குவது மட்டும் மாறினால் பெடல்.


கண்ணாடிப்பார்வை எழுதியது:

இடையில் ஒன்று கேட்கிறேன், நீங்கள் ஓட்டுவது கணினியிலா கன்சோலிலா? யாரும் கேட்கவில்லை. கன்சோல் என்றால் கதையே வேறு. யுஎஸ்பியில் தனியாகச் செருகும் பெடலை பிளேஸ்டேஷனும் எக்ஸ்பாக்ஸும் தாமாக ஏற்காது, வீல் பேஸ் (ஸ்டீயரிங் பொருத்தியிருக்கும் மோட்டார் பெட்டி) வழியாகத்தான் பெடல் போக வேண்டும், அதாவது அந்த பேஸ் ஏற்கும் பெடலாக இருக்க வேண்டும். நான் இது தெரியாமல் நல்ல பெடல் ஒன்றை வாங்கி மூன்று மாதம் அலமாரியில் வைத்திருந்தேன், கடைசியில் கணினி வாங்கிய பிறகுதான் பயன்பட்டது.


மூன்றாம்கியர் எழுதியது:

கணினிதான். பதில்களுக்கு நன்றி, இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை. நாற்காலி வேலையை இந்த வாரம் செய்கிறேன். சால்டர்கை அண்ணே, சால்டரிங் கொஞ்சம் தெரியும், கீபோர்டு சுவிட்ச் மாற்றியிருக்கிறேன். எழுதுங்கள்.

இன்னொரு கேள்வி. பெட்டியில் 100 கிலோ லோட் செல், 60 கிலோ லோட் செல் என்று போடுகிறார்களே, எனக்கு எவ்வளவு வேண்டும்?


சால்டர்கை எழுதியது:

கிலோ கணக்கை முதலில் முடித்துவிடுகிறேன். பெட்டியில் போட்டிருப்பது சில சமயம் செல்லின் தாங்கும் அளவு, சில சமயம் பாதம் கொடுக்கும் அளவு. இரண்டும் ஒன்றில்லை, பெடல் ஒரு நெம்புகோல். ஹியூசின்க்வெல்ட் ஸ்பிரிண்ட் பெடல் செட்டையே எடுத்துக்கொள்ளுங்கள் (நம் பட்ஜெட்டுக்கு எட்டாதது, கணக்குக்காகச் சொல்கிறேன்): உள்ளே 120 கிலோ செல், பாதத்தில் அதிகபட்சம் 65 கிலோ. த்ரஸ்ட்மாஸ்டர் டி-எல்சிஎம் பெடலில் 100 கிலோ என்று போட்டிருக்கும், ஆனால் முழு பிரேக்குக்கு எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்பதை நீங்களே மென்பொருளில் குறைத்துக்கொள்ளலாம். வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து ஓட்டுபவருக்கு இருபத்தைந்து முதல் நாற்பது கிலோ தாராளம். அரை மணி நேரப் பந்தயத்தில் கடைசிச் சுற்றிலும் அதே மாதிரி மிதிக்க முடிய வேண்டும், அதுதான் அளவு. எண் பெரிதாக இருக்கிறதே என்று கூடக் கொடுக்காதீர்கள்.

இனி செய்யும் முறை. பட்டை வடிவ லோட் செல் ஒன்று, 50 கிலோவோ 100 கிலோவோ, நான்கு ஒயர் வரும் வகை. எடை பார்க்கும் மெஷினில் இருக்கும் மூன்று ஒயர் செல்லும் வேலை செய்யும், ஆனால் அது பாதிப் பாலம்தான் (அளக்கும் சுற்றில் பாதி), வேறு எதையாவது சேர்த்தால்தான் முழுப் பாலம் ஆகும், அது கூடுதல் வேலை. அப்புறம் செல்லின் சிக்னலை எண்ணாக மாற்றும் எச்எக்ஸ்711 என்கிற சின்ன போர்டு. அப்புறம் அந்த எண்ணைக் கணினிக்கு அனுப்ப ஆர்டுயினோ லியோனார்டோ அல்லது ப்ரோ மைக்ரோ என்கிற கன்ட்ரோலர் போர்டு. ஊனோ ஆர்3 வாங்கிவிடாதீர்கள், அதிலிருக்கும் சிப் நேரடியாக யுஎஸ்பி ஜாய்ஸ்டிக்காகத் தன்னைக் காட்டிக்கொள்ளாது. லியோனார்டோவிலும் ப்ரோ மைக்ரோவிலும் இருப்பது 32யு4 சிப், அதைக் கணினி கேம் கன்ட்ரோலராக ஏற்றுக்கொள்ளும்.

இதில் பலரும் வழுக்கும் இடம் ஒன்று. எச்எக்ஸ்711 போர்டுகள் பெரும்பாலும் வினாடிக்கு 10 முறை மட்டும் அளக்கும்படி வரும். எடை பார்க்க அது போதும், பிரேக்குக்குப் போதாது, நூறு மில்லிசெகண்டுக்கு ஒரு முறைதான் எண் மாறும், பிரேக் படிக்கட்டு மாதிரி இறங்கும். சிப்பில் ரேட் என்ற ஒரு கால் உண்டு, அதை கிரவுண்ட் இணைப்பிலிருந்து விடுவித்து மின் பக்கத்தோடு இணைத்தால் 80 முறை அளக்கும். சால்டரிங்கில் கவனம் வேண்டியது இந்த ஒரு காலுக்குத்தான்.

பொருத்தும்போது, செல்லின் ஒரு முனையை மட்டும் பெடல் அடியில் இறுக்க வேண்டும், மறுமுனை அந்தரத்தில் நிற்க வேண்டும், நடுப்பகுதி எதிலும் படக்கூடாது, அது மில்லிமீட்டரில் ஒரு துளி வளைவதைத்தான் அளக்கிறோம். இரண்டு முனையிலும் தடிப்பான வாஷர் கொடுத்துத் தூக்கி வையுங்கள். செல்லின் முனையில் ஒரு அம்பு இருக்கும், அழுத்தம் வர வேண்டிய திசை அது. பெடலுக்கும் செல்லுக்கும் நடுவில் ஒரு கடின ரப்பர் துண்டு வையுங்கள், இல்லாவிட்டால் சுவரை மிதிப்பது போல இருக்கும். ஆனால் உங்கள் இப்போதைய பெடலில் இதைச் செய்யாதீர்கள். பெடலைத் தாங்கும் பிளாஸ்டிக் கை (தண்டு) அந்த அழுத்தத்துக்கு உடையும். இரும்புக் கை இருக்கும் பழைய செட் ஒன்று வேண்டும்.


பிட்லேன் எழுதியது:

பழைய செட் என்றால் லாஜிடெக் ஜி29 பெடல் நிறையக் கிடைக்கும், 2015இல் வந்தது, வீலை மாற்றுபவர்கள் பெடலைத் தனியாக விற்றுவிடுகிறார்கள். மூன்று பெடல், இரும்புக் கை, பிரேக்குக்குள்ளேயே ஒரு ரப்பர் கட்டை உண்டு. ஆனால் அதன் ஒயர் முனை ஒன்பது ஊசி பிளக், அந்த வீலில்தான் போகும். உங்கள் வீலில் செருக முடியாது, யுஎஸ்பி அடாப்டர் தனியாக வேண்டும், அதையும் பட்ஜெட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

புதிது என்றால் ஃபனாடெக் சிஎஸ்எல் பெடல் (2021), மோசா எஸ்ஆர்-பி லைட் பெடல், இரண்டும் ஹால் சென்சார், இரண்டும் உலோகம், இரண்டு பெடலோடு வாங்கி ஆரம்பிக்கலாம். சிஎஸ்எல்லில் எனக்குப் பிடித்தது, பிறகு காசு வரும்போது லோட் செல் கிட்டைத் தனியாக வாங்கிச் சேர்க்கலாம், அப்போது இப்போதைய பிரேக் பெடல் கிளட்சாக இடம் மாறிவிடும். எதையும் வீசி எறிய வேண்டாம். அதுவும் கணினியில் நேராகச் செருகத் தனி அடாப்டர் வேண்டுமா என்று வாங்குவதற்கு முன் பார்த்துவிடுங்கள்.


இரவுச்சுற்று எழுதியது:

கிளட்சுக்காகச் செலவு செய்ய வேண்டுமா என்பதையும் யோசியுங்கள். ஜிடி3யில் கியர் மாற்றுவது வீலுக்குப் பின்னால் இருக்கும் துடுப்பில், கிளட்ச் தேவையே இல்லை. பழைய கார்களில் எச் வடிவ கியரோடு ஹீல் அண்ட் டோ (ஒரே காலால் பிரேக்கையும் ஆக்சிலரேட்டரையும் மிதிப்பது) பழக ஆசை இருந்தால் மட்டும் மூன்று பெடல். அந்தப் பணத்தை பிரேக்கில் போடுங்கள். ஆக்சிலரேட்டருக்கு பாட் கூடப் போதும், துடிக்காமல் இருந்தால் சரி.

நான் முதலில் "காத்திருங்கள்" என்று ஒரே வரியில் எழுதிவிட்டேன். பிட்லேன் சொன்ன படிப்படியாகச் சேர்க்கும் வழி ஆறு மாதம் வீணாகாமல் காக்கும், அதுவே நல்லது.


கண்ணாடிப்பார்வை எழுதியது:

பயன்படுத்தியதை நேரில் வாங்கினால்: லேப்டாப்பில் செருகி விண்டோஸ் கேம் கன்ட்ரோலர் பக்கத்தைத் திறந்து ஒவ்வொரு பெடலையும் கையால், மிக மெதுவாக, பத்து வினாடி எடுத்து இறக்குங்கள். பட்டை தாவாமல் போக வேண்டும். வேகமாக மிதித்தால் எல்லாப் பெடலும் நன்றாகத்தான் தெரியும். பிறகு ஒயரை பிளக்குக்கு அருகில் பிடித்து ஆட்டிப் பாருங்கள். பெடலைப் பக்கவாட்டில் அசையுங்கள், ஆட்டம் அதிகம் என்றால் புஷ் தேய்ந்திருக்கிறது.


மூன்றாம்கியர் எழுதியது:

பத்து நாள் கழித்து வருகிறேன். நடந்ததைச் சொல்கிறேன்.

நாற்காலிச் சக்கரங்கள் கழன்று வந்தன. பிளைவுட் பலகையை நாற்காலி அடியிலிருந்து சுவர் வரை போட்டு, பெடலைத் திருகினேன். பாட்டுக்கு கான்டாக்ட் கிளீனர் அடித்தேன், துடிப்பு நின்றுவிட்டது, இன்றுவரை வரவில்லை. பிறகு பிட்லேன் சொன்னதை நினைத்து, பிரேக் பெடல் கைக்குப் பின்னால் ஒரு ஸ்குவாஷ் பந்தை அடைத்தேன். பெடல் இப்போது பாதி தூரத்துக்கு மேல் போவதில்லை, ஆனால் கடைசிப் பகுதி இறுகி நிற்கிறது, காலுக்கு ஒரு எல்லை தெரிகிறது. பெடல் முழு தூரம் போகாததால் விளையாட்டில் பிரேக் 60 சதவீதத்தைத் தாண்டவில்லை, மறுபடி காலிப்ரேட் செய்த பிறகு 100 வருகிறது.

மோட்டெக்கில் பார்த்தேன். மாற்றத்துக்கு முன் பதிந்த பத்துச் சுற்றில் ஏறும் கோடே ஒன்றோடு ஒன்று ஒட்டவில்லை. இப்போது ஏறும் கோடுகள் ஏறக்குறைய ஒரே கோடாகத் தெரிகின்றன. மோன்சா முதல் சிகேனில் இருபது நிமிடத்தில் ஒரே ஒரு தடவைதான் வெளியே போனேன், அதுவும் பின்னால் வந்த காரைப் பார்த்துக்கொண்டிருந்ததால். இதுவரை நான் செலவு செய்தது ஸ்ப்ரேயும் பந்தும் பலகையும்தான். பெடலுக்கென்று வைத்த பணம் அப்படியே இருக்கிறது.

ஆனால் வளைவுமுனை சொன்ன மாதிரியே இறங்கும் கோடு இன்னும் கலைந்துதான் இருக்கிறது. முக்கியமாக மோன்சாவின் லெஸ்மோ என்ற இரண்டு வளைவுகளிலும், மெதுவாக விட நினைத்தால் பந்து திடீரென்று காலைத் தள்ளிவிடுகிறது, பிரேக் ஒரேயடியாகக் குறைந்து கார் மூக்கு வெளியே போகிறது.


வளைவுமுனை எழுதியது:

ரொம்ப மகிழ்ச்சி. காசு செலவு செய்யாமல் இந்த அளவு வந்ததே பெரிய விஷயம்.

லெஸ்மோ விஷயத்தில் இரண்டு பாருங்கள். பந்தை முழுதாக வைத்திருக்கிறீர்களா? உள்ளே காற்று இருப்பதால்தான் அது உதைக்கிறது. பாதியாக வெட்டி, கவிழ்த்து வையுங்கள், உதை குறையும். அடுத்தது, விளையாட்டில் பிரேக் காமா என்று ஒரு எண் இருக்கும். தூரத்தை அளக்கும் மெத்தென்ற பெடலில் அதை ஏற்றி வைத்தால் ஆரம்பப் பகுதியில் பிரேக் மெதுவாக ஏறும், கட்டுப்பாடு கூடும். இப்போது பெடல் விறைப்பாகிவிட்டதால் பழைய எண் பொருந்தாது. 1க்குக் கொண்டுவந்து அங்கிருந்து மறுபடி பாருங்கள். டெட் சோன் (பெடலின் தொடக்கத்தில் விளையாட்டு கண்டுகொள்ளாத பகுதி) ஏதாவது வைத்திருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள், துடிப்புதான் நின்றுவிட்டதே. டெட் சோன் இருந்தால் கால் விடும் கடைசித் துளி விளையாட்டுக்குப் போகவே போகாது, லெஸ்மோவில் உங்களுக்கு வேண்டியது அந்தத் துளிதான்.


சால்டர்கை எழுதியது:

பலகை அசையாமல் நிற்கிறது என்றால் இனி லோட் செல்லுக்குத் தரை தயார். இரும்புக் கை வைத்த பழைய செட் கிடைத்ததும் படம் போடுங்கள், செல்லை எங்கே பொருத்தலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.


மூன்றாம்கியர் எழுதியது:

காமா 2.4இல் இருந்தது, யாரோ சொன்னதைக் கேட்டு எப்போதோ வைத்தது, மறந்தே போயிருக்கிறேன். டெட் சோன் 4 இருந்தது. இரண்டையும் மாற்றிவிட்டேன், பந்தை இன்று வெட்டுகிறேன்.

ஜி29 பெடல் செட் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன், விற்பவர் ஞாயிறு வரச் சொல்லியிருக்கிறார், லேப்டாப்பையும் அடாப்டரையும் எடுத்துக்கொண்டு போகிறேன். பத்து வினாடி எடுத்து மெதுவாக மிதித்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.